குறுக்குவழிக்காரர் காட்டாத ஒரே இடம்

இந்த மலையைச் சுற்றி யாருக்கும் தெரியாத இடங்களை எல்லாம் ஊருக்கே காட்டியவர் என் வீட்டுக்காரர். அதனால் ஊரில் அவருக்குக் குறுக்குவழி என்று பெயர். வேன் ஓட்டுகிறார். கேபிள் காரில் போகலாம் என்று ஆசையாக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, அடிவார நிலையத்து வரிசையைக் காட்டி, "இதுல நின்னு மேல போய் என்னத்தைப் பாக்கப் போறீங்க? மேல போனா கீழ இருக்கறது தெரியும். கீழதான் இப்பவே இருக்கீங்களே" என்பார். கேட்கிறவர்களுக்கு அது ஏதோ பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் பின்னால் ஏதாவது ஒரு குகைக்குள் குனிந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமான நாள் முதலாகக் குனிந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் தையல்காரி. சட்டை பாவாடை தைக்கிற தையல் இல்லை, ரெக்சின் தையல். சோபா, வேன் சீட்டு, டாக்டர் வீட்டு நாற்காலி எல்லாம் தைப்பேன். கேபிள் கார் பெட்டிகளின் சீட்டு உறைகளும் என் மெஷினில் தைத்தவைதான். பழுது பார்க்கிற கொட்டகையில் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்திருப்பார்கள். உள்ளே போய் அளவெடுப்பேன். உறையை மாட்டிவிட்டு, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருப்பேன். அதுதான் என் சவாரி. மறுநாள் அதே பெட்டி என் கடை வாசலுக்கு மேலே மிதந்து போகும். யார் யாரோ என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்துக் கை ஆட்டுவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கை ஆட்டுவேன். உள்ளே வயிறு எரியும்.

தனியாகப் போய்விட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஊரே ஜோடி ஜோடியாக ஏறும்போது நான் மட்டும் ஒற்றைச் செருப்பு மாதிரி ஏறுவதா? கட்டினவரோடுதான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கட்டினவரோ ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தார். இன்றைக்குக் காற்று அதிகம். இன்றைக்குக் கம்பிக்கு எண்ணெய் போடுகிறார்கள். இன்றைக்கு மேலே ஒரே மேகம், ஒன்றும் தெரியாது. "வா, அதுக்குப் பதிலா உனக்கு ஒரு இடம் காட்டறேன்." அந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் கொடுமை. நன்றாக இல்லாவிட்டால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இந்த வருஷம் விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது. பழைய பெட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பெரிய பெட்டிகள் போடப் போகிறார்கள். அவற்றில் பிளாஸ்டிக் இருக்கை. "துடைச்சாப் போதும், தைக்கவே வேணாம்" என்று நிலைய மேனேஜர் என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார். வேலை போகிறதே என்று நான் கவலைப்படவில்லை. சோபா இருக்கிறவரைக்கும் எலி இருக்கும், எலி இருக்கிறவரைக்கும் எனக்கு வேலை இருக்கும். ஆனால் என் சீட்டில், தரையை விட்டு மேலே, ஒரே ஒரு தடவையாவது நான் உட்கார வேண்டும். கடைசி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது என்று பலகை வைத்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை என்ன ஆனாலும் போறோம்" என்றேன்.

"போறோம்" என்றார் இவர். உடனே ஒத்துக்கொண்டார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நாத்தனார் வந்து இறங்கினார். இவருக்கு மூத்தவர், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு மஞ்சள் குடை, முழங்காலில் வலி, வாயில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. விருந்தாளி வந்தால் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் அல்லவா? அதுதான் கணக்கு.

அடிவார நிலையத்துக்குப் போனோம். கடைசி நாள் என்று ஊர் மொத்தமும் அங்கே இருந்தது. வரிசை நிலையத்தைச் சுற்றி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, கழிப்பறை வாசலுக்குப் போய் அங்கே இன்னொரு வரிசையோடு கலந்து, எது எதற்கு நிற்கிற கூட்டம் என்று தெரியாமல் நின்றது.

"இப்ப நின்னா வெயில்ல காயணும். அக்காவுக்கு முழங்கால் வேற" என்றார் இவர். "ஒரு மணி நேரம் போகட்டும், தானா குறையும். அதுக்குள்ள ஒரே ஒரு இடம் பாத்துட்டு வந்துடலாம்."

"ஒரே ஒரு இடம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு."

முதலில் மூச்சுவிடும் குகை. நிலையத்துக்குப் பின்னால், குப்பை வண்டி நிற்கிற இடத்தைத் தாண்டிப் புதரை விலக்கினால் வந்துவிடும். ஆள் குனிந்து போகிற அளவு வாய். உள்ளேயிருந்து எந்த வெயிலிலும் குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கும். நாத்தனார் வாசலில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, முழங்காலை அந்தக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதாடா தம்பி?" என்று கேட்டார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. தொப்பிக்காடு பத்தடியில இருக்கு" என்றார்.

இவருடைய பத்தடி எனக்குத் தெரியும். இருந்தாலும் நாத்தனார் குடையை ஊன்றி எழுந்துவிட்டார். தொப்பிக்காடு என்று பெயர் வைத்ததும் இவர்தான். கேபிள் கார் போகிற பாதைக்கு நேர் கீழே ஒரு முள்காடு. மேலே காற்று பலமாக அடிக்கிற இடம் அது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினவர்களின் தொப்பிகள் எல்லாம் அங்கே வந்து முள்ளில் மாட்டிக்கொண்டிருக்கும். தொப்பி மட்டுமா? கறுப்புக் கண்ணாடி, குடை, பால் புட்டி, ஒற்றைச் செருப்புகள். ஒரு கிளையில் யாருடையதோ பல்செட் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"சிரிக்கும்போது விழுந்திருக்கும்" என்றார் நாத்தனார்.

"சண்டை போடும்போது விழுந்திருக்கும் அண்ணி. பக்கத்துல இருக்கற செருப்பு அந்தப் பல்செட்டுக்காரர் பொண்டாட்டி எறிஞ்சது" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். நாத்தனாரும் நானும் எப்போதாவதுதான் ஒரே நேரத்தில் சிரிப்போம். இவர் ஒரு வைக்கோல் தொப்பியை முள்ளிலிருந்து எடுத்து, தூசி தட்டி, என் தலையில் வைத்து, அளவு பார்த்தார். அழகாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். வரிசையை நான் மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் என்பது எப்போதோ போய்விட்டது.

மூன்றாவது இடம் ஒட்டுக்கேட்கும் பாறை. அங்கே போக நாத்தனாரே ஆசைப்பட்டார். பேரைக் கேட்டபிறகு அவரை யார் தடுக்க முடியும்? மெதுவாக ஏறிப் போய்ச் சேர்ந்தோம். தட்டையான பெரிய பாறை. எதிரே சுவர் மாதிரி செங்குத்தாக மலை. பெட்டி அந்தச் சுவருக்கு நேராக வரும்போது உள்ளே பேசுகிற பேச்சு சுவரில் பட்டு அப்படியே இந்தப் பாறையில் வந்து விழும். பக்கத்து வீட்டில் பேசுவது போல் தெளிவாகக் கேட்கும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் இங்கே படுத்துக்கொண்டு ஊரார் ரகசியம் கேட்டிருக்கிறோம். ஒரு தடவை ஒருவன் தன் முதலாளியைத் திட்டினான். அடுத்த பெட்டியில் முதலாளி அவனைத் திட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கும் நல்ல வேட்டைதான். ஒரு பெட்டியில் குழந்தை ஒன்று, "மலை எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டே போனது. அடுத்ததில் ஒரு ஆண் குரல்: "பயப்படாத, நான் இருக்கேன்ல." ஒரு பெண் குரல்: "எனக்கு என்ன பயம்? உங்க கைதான் நடுங்குது. என் கையையும் சேத்து ஆட்டுது."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நம்ம தம்பி மாதிரியே ஒருத்தன்" என்றார். "ஏணியில மூணாவது படியில நின்னு அழுவானே, ஞாபகம் இருக்காடா? தண்ணித் தொட்டி மேல ஏறிட்டு இறங்கத் தெரியாம, அப்பா போய்த் தூக்கிட்டு வந்தாரே?"

இவர் இருமினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஒரு இருமல்.

"என்னம்மா, உனக்குத் தெரியாதா?" என்று நாத்தனார் என்னைப் பார்த்தார். "இவனுக்கு உயரம்னாலே ஆகாதே. உன்கிட்ட சொல்லலையா இவன்?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக ஓடியது. வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது நான். "கீழ புடிக்க ஒரு ஆள் வேணும்ல" என்று ஸ்டூலைப் பிடிப்பது இவர். மாடி வீடு வாடகைக்கு வந்தபோது படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும் என்று இவரே முடிவு செய்து கீழ் வீட்டைப் பிடித்தார். பரண்மேல் இருக்கிற பெட்டியில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை இவருக்குத் தெரியாது. காற்று, எண்ணெய், மேகம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இங்கே ஒரு மலையே கோணலாக இருந்திருக்கிறது.

"அப்ப காத்து அதிகம்னு சொன்னதெல்லாம்?" என்றேன்.

இவர் குனிந்து செருப்பு வாரை இறுக்க ஆரம்பித்தார்.

அடிவார நிலையத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள் என் தோழி. அவளுக்குப் போன் போட்டேன். "எங்கடி இருக்க? வரிசையை மூடியாச்சு. இனிமே மேல ஆள் ஏத்தமாட்டாங்க. மேல போனவங்களை இறக்கிட்டு அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பயந்ததற்காக இல்லை. பயம் யாருக்கு இல்லை? எனக்குப் பல்லி என்றால் பயம், அது ஊருக்கே தெரியும். இத்தனை வருஷம் என் காதில் பூவைச் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே நின்று அந்தப் பூவை வேடிக்கை பார்த்திருக்கிறாரே, அதற்குத்தான் கோபம். அழுகையும் வந்தது. நாத்தனார் முன்னால் அழக்கூடாது என்று அதைக் கோபத்தோடேயே சேர்த்து விழுங்கினேன்.

"மேல ஏத்தமாட்டாங்க. கீழ இறக்குவாங்கல்ல?" என்றேன். "நான் நடந்து மேல போறேன். அங்கயிருந்து என் சீட்டுல உக்காந்து இறங்குவேன். வரவங்க வரலாம்."

"சும்மா இருந்த சங்கை ஊதிட்டேனே" என்றார் நாத்தனார். ஆனால் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வாயை மெல்கிறவருக்கு அவல் கிடைத்திருக்கிறது. "நீங்க போயிட்டு வாங்க. என் முழங்காலுக்கு இந்தப் பாறை போதும். நான் பாட்டுக்கு நாலு சண்டை கேட்டுட்டு, மெதுவா வேனுக்குப் போயிடறேன்." மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்துவிட்டார்.

பாறையிலிருந்து மேலே போக, தூண்களைப் பழுது பார்க்கிறவர்களின் ஒற்றையடிப் பாதை ஒன்றுண்டு. அதில் நான் ஏற ஆரம்பித்தேன். வைக்கோல் தொப்பி தலையிலேயே இருந்தது. கோபத்தில் ஏறினால் மூச்சு வாங்காது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சரளைக்கல் உருளுகிற சத்தம் கேட்டது. இவர்தான். தரையில் கால் இருக்கிறவரைக்கும் இவர் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறுவார்.

"கொஞ்சம் மெதுவா போயேன்."

நான் இன்னும் வேகமாகப் போனேன்.

"இந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு நிமிஷம் எட்டிப் பாத்தா..."

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே வாயை மூடிக்கொண்டார். தலைக்கு மேலே பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஏறுகிறவை காலியாக, இறங்குகிறவை நிரம்பி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறவற்றிலும் ஆள் குறைவது தெரிந்தது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தோம். வலது பக்கம் அகலமாக, நன்றாக மிதிபட்டு இருந்தது. நான் அதில் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.

"அது இல்ல" என்றார் இவர்.

நின்றேன்.

"அது சுத்து. மலையைச் சுத்திட்டுப் போகும். போய்ச் சேர்றதுக்குள்ள கடைசிப் பெட்டி போயிடும்." இடது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்த இரண்டு பெரிய பாறைகளைக் காட்டினார். நடுவில் ஒரு இடுக்கு. "இதுக்குள்ள நுழைஞ்சு போனா நிலையத்துப் பின்பக்கம் வந்துடலாம்."

பேசாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குச் சுற்றிப் போயிருப்பேன். கடைசிப் பெட்டி போயிருக்கும். இவரும் தப்பித்திருப்பார், பழியும் வந்திருக்காது. அந்த இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து போகும்போது எனக்கு அதுதான் உறைத்தது. கோபத்தில் பாதி அங்கேயே பாறையில் உரசித் தேய்ந்துவிட்டது. மீதியை நான் விடவில்லை.

மேல் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. படம் பிடிக்கிற மேடையில் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் கதவைச் சாத்துகிறவர் என்னைப் பார்த்ததும், "தையல் அக்கா, நீங்க எப்படி மேல வந்தீங்க? நான் யாரையும் இறக்கவே இல்லையே" என்றார்.

"நடந்து வந்தேன்."

"எதுக்கு?"

"இறங்கறதுக்கு."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குறுக்குவழியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததைப் பார்த்து மேலே கேட்கவில்லை. "ரெண்டு பெட்டிதான் பாக்கி. இதுல ஏறிக்குங்க. அடுத்ததுல நான் இறங்கணும்" என்றார்.

பெட்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. பழுப்பு ரெக்சின், ஓரத்தில் கயிறு மாதிரி உருட்டித் தைத்த ஆரஞ்சு பைப்பிங். என் வேலைதான். வெயிலில் ரெக்சின் வெளுத்துச் சுருக்கம் விழுந்திருந்தது, ஆனால் ஓரம் கோணவில்லை. என் தையல் பிரிந்தது என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

நான் ஏறி உட்கார்ந்தேன். இவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க நடந்து வாங்க" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கீழ நிக்கறேன்."

பெட்டி மேடை ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கதவுக்காரர் கதவைப் பிடித்தார். இவர் பெட்டியோடு கூடவே இரண்டு எட்டு நடந்தார், மூன்றாவது எட்டில் உள்ளே பாய்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

"நடந்து இறங்கினா முழங்கால் வலிக்கும்" என்றார்.

முழங்கால் வலி அக்காவுக்கு. அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

சீட்டில் உட்காருவார் என்று பார்த்தேன். பெட்டியின் தரையில் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் என் காலையும் மறு கையால் என் சீட்டின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கீழ உக்காந்துட்டீங்க?"

"தரையில உக்காந்தா கொஞ்சம் கீழ இருக்கற மாதிரி இருக்கு."

மேடை முடிந்தது. பெட்டி வெளியே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். என் சீட்டு, நான் வெட்டின துணி, நான் ஓட்டின நூல், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஊர் எங்கேயோ கிடந்தது. சாயங்கால வெயில் கூரைகள்மேல் சாய்ந்திருந்தது. என் கடையின் நீலத் தகரக் கூரை கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. இவ்வளவு நாள் அதற்குள்ளே உட்கார்ந்து நான் கை ஆட்டியது யாருக்காவது தெரிந்திருக்குமா என்றே சந்தேகமாக இருந்தது.

பெட்டி ஒரு தூணைத் தாண்டிக் கடகடவென்று ஆடியது. என் கால் நசுங்கியது.

"இப்ப இடது பக்கம் பாரு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். "ரெண்டு பாறை சாஞ்சு கிடக்குதா?"

பார்த்தேன். கிடந்தது. சற்று முன் நாங்கள் நுழைந்து வந்த இடுக்கு ஒரு கோடாகத் தெரிந்தது. "கிடக்குது."

"சின்னதா இருக்கா?"

"ம்."

"ரொம்பச் சின்னதாவா?"

அதை விட்டுவிட்டு நான் கேட்டேன். "ஏங்க எங்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா நான் ஒரு தடவை தனியாப் போயிட்டு வந்திருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல" என்றார். "பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடுவியேன்னு வெக்கம் ஒரு பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். நீ மட்டும் மேல போய் மொத்தத்தையும் ஒரே பார்வையில பாத்துட்டு வந்துட்டேன்னா, அப்புறம் நான் காட்டற குகையும் பாறையும் உனக்கு எதுக்கு? என்கிட்ட வேற என்ன இருக்கு, உனக்குக் காட்ட?"

குனிந்து பார்த்தேன். இவர் உச்சந்தலையில் முடி குறைந்துகொண்டு வருவது எனக்கு அதுவரை தெரியாது. ஸ்டூல்மேல் நிற்கும்போதுகூட நான் பல்பைத்தான் பார்த்திருக்கிறேன், இவரைப் பார்த்ததே இல்லை.

"எல்லாம் சின்னதாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்லவா? இதுல ஏறினவங்க எல்லாம் மலையைப் பாத்தோம், மரத்தைப் பாத்தோம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு வேற என்ன தெரியும்? எனக்கு ஒவ்வொண்ணும் அடையாளம் தெரியுது. எந்தக் கல்லுல வழுக்கும்னுகூடத் தெரியுது. நீங்க காட்டலைன்னா இங்கயிருந்து பாக்க எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

என் காலைப் பிடித்திருந்த இவர் கை கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது மலையே வாயைத் திறந்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"டேய் தம்பி, எல்லாம் கேக்குதுடா. முதல்ல கண்ணைத் தொறடா."

ஒட்டுக்கேட்கும் பாறை. எத்தனை பேர் ரகசியத்தைப் படுத்துக்கொண்டு கேட்டிருப்போம், நமக்கும் அதே பாறைதான் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கீழே ஒரு மஞ்சள் புள்ளி இப்படியும் அப்படியும் ஆடியது. நாத்தனார் வேனுக்கும் போகவில்லை, எங்கும் போகவில்லை. நாங்கள் வருகிறவரைக்கும் காத்திருந்து கேட்டிருக்கிறார்.

சின்ன வயதிலிருந்து அக்கா சொன்னதைச் செய்து பழகின உடம்பு. இவர் யோசிப்பதற்குள் கண் திறந்துவிட்டது. திறந்த வேகத்தில், குரல் எங்கேயிருந்து வருகிறது என்று முட்டி போட்டு எழுந்து ஜன்னலில் பார்த்தும்விட்டார். பார்த்தபிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. முகம் வெளுத்தது. சீட்டு ஓரத்தைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது. மறுபடி உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

உட்காரவில்லை. அப்படியே முட்டி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காடு வந்தது. முள்ளுக்கு நடுவே கறுப்பும் சிவப்புமாகத் தொப்பிகள் தெரிந்தன. இவர் உதடு அசைந்தது, எண்ணுகிறாரா வேண்டிக்கொள்கிறாரா தெரியவில்லை. அப்புறம் குகை இருக்கிற புதர்.

"அட" என்றார்.

"என்ன?"

"குகைக்குப் பின்னாடி அந்தப் பள்ளத்தைப் பாரு. மரத்துக்கு நடுவுல. தண்ணி பளபளக்குது."

பார்த்தேன். உள்ளங்கை அளவு ஒரு குளம். நாலு பக்கமும் பாறை மூடி, மேலே மட்டும் திறந்து கிடந்தது.

"அங்க நான் போனதே இல்ல" என்றார். "நடந்து போறவனுக்கு அது தெரியவே தெரியாது. மேலயிருந்து பாத்தாத்தான் தெரியும்." வழி எந்தப் பக்கம் இருக்கும் என்று கண் அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. "அந்தக் குட்டை மரத்தை அடையாளம் வச்சுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். யார்கிட்டயும் சொல்லாத."

"அண்ணி கேட்டிருப்பாங்க."

"இங்க பேசறது அங்க விழாது. பாறையைத் தாண்டியாச்சு." அந்த விஷயத்தில் இவர் மறுபடி நிபுணராகிவிட்டார்.

அடிவார நிலையத்தில் இறங்கும்போது இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். தரையில் நின்றதும் இரண்டு தடவை காலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது. சிரித்த சிவப்பா அழுத சிவப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டார்.

"கையில என்னடா அது?" என்றார் தம்பியைப் பார்த்து.

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். இவர் கை இன்னும் மூடியே இருந்தது. விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். என் சீட்டின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே கையோடு வந்திருந்தது.

"உன் தையல் பிரியவே பிரியாதுன்னு பீத்திக்குவியேம்மா" என்றார் நாத்தனார். அவருக்கு அன்றைக்கு எல்லாமே லாபம்தான்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ரெக்சின் தாறுமாறாகக் கிழிந்திருந்தது.

"துணிதான் அண்ணி கிழிஞ்சிருக்கு" என்றேன். "தையல் அப்படியே இருக்கு."